4-க்கு 7 அடி பாத்ரூமை மாற்றிக் கட்டும்போது இடம் எங்கே கிடைக்கும், சாமான்களை எங்கே வைப்பது?

கேள்வி இதுதான்: 25 வருடப் பழைய அடுக்குமாடி வீடு. பாத்ரூம் 4 அடி அகலம், 7 அடி நீளம். 4 அடிப் பக்கத்தில் உள்ளே திறக்கும் கதவு, நடுவில் கம்மோடு, கதவை ஒட்டி வாஷ்பேசின், கடைசியில் குளிக்கும் இடம். பக்கெட், மாப், ஃபினாயில், சோப்புத்தூள், அழுக்குத் துணி எல்லாம் தரையில் கிடக்கின்றன. சுவரைத் தள்ளிக் கட்ட வழியில்லை. இதற்குள் இடமும் வேண்டும், சாமான் வைக்கவும் வேண்டும். முடியுமா?

முடியும். ஆனால் அலமாரி, மாடம், தட்டு எல்லாவற்றையும் டைல் ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் டைல், குழாய், கம்மோடு எல்லாம் முடிந்த பிறகுதான் "ஷாம்பு எங்கே வைக்கறது" என்று யோசிக்கிறார்கள். அப்போது புது டைலில் டிரில் போட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு மாட்டுவதைத் தவிர வேறு வழியிருக்காது.

28 சதுர அடி என்பது 2.6 சதுர மீட்டர். குளியலும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்சம் 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். அந்தக் குறைந்தபட்சத்துக்கும் கொஞ்சம் கீழேதான் உங்கள் அறை இருக்கிறது. அதனால் இங்கே ஒவ்வொரு இன்ச்சும் கணக்கு.

கடைக்குப் போவதற்கு முன் நான்கு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, கம்மோட்டின் கழிவுத் துளை மையத்திலிருந்து பின்சுவர் டைல் முகம் வரை எவ்வளவு. கழிவு தரையில் இறங்குகிறதா (எஸ்-டிராப்), சுவருக்குள் போகிறதா (பி-டிராப்) என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, நான்கு சுவர்களின் கனம். ஜன்னல், கதவு ஓரங்களில் பார்த்தால் 9 இன்ச் சுவரா, நாலரை இன்ச் சுவரா என்பது தெரிந்துவிடும். மூன்று, தரை பள்ளம் விட்ட தளமா, அதாவது சங்கன் ஸ்லாபா, அல்லது உங்கள் குழாய்கள் கீழ்வீட்டு பாத்ரூம் கூரைக்கு அடியில் தொங்குகின்றனவா. நான்கு, கதவுக்கு மேலே உள்ள கான்கிரீட் பட்டையான லிண்டலுக்கும் அதற்கு மேலே ஓடும் பீமின் அடிப்பகுதிக்கும் நடுவே எவ்வளவு சுவர் இருக்கிறது. இந்த நான்கும் கையில் இல்லாமல் கடையில் கம்மோடு பார்ப்பது வீண்.

அதோடு, தரையில் கிடக்கும் சாமான்களையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். 25 லிட்டர் பக்கெட்டின் வாய் எத்தனை இன்ச், உயரம் எத்தனை, மாப் கம்பு எவ்வளவு நீளம், வாங்கும் ஷாம்பு பாட்டிலில் பெரியது எது. அலமாரிகளின் அளவு இந்தப் பட்டியலிலிருந்துதான் வர வேண்டும்.

பழைய டைலை இடிக்காமல் அதன் மேலேயே புது டைல் ஒட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒட்டலாம், அதற்கென்றே பசை வருகிறது, குப்பையும் குறைவு. உங்கள் அறைக்கு அது சரிப்படாது. பசையும் டைலும் சேர்ந்து ஒரு சுவருக்கு 13 மி.மீ. வரும், இரண்டு பக்கமும் சேர்த்தால் 4 அடி அகலத்தில் 1 இன்ச் போய்விடும். 25 வருடத்துக்கு முன்பு டைலைச் சிமென்ட் கலவையில்தான் பதித்திருப்பார்கள். பூச்சு, கலவை, டைல் மூன்றும் சேர்ந்து 35 முதல் 40 மி.மீ. வரை இருக்கும். செங்கல் வரை கொத்தி எடுத்து, 12 மி.மீ. பூச்சு பூசி, டைல் பசையில் ஒட்டினால் மொத்தம் 25 மி.மீ.-க்குள் முடியும். அதாவது இரண்டு சுவரிலும் சேர்த்து 1 இன்ச் லாபம். இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் 2 இன்ச். 4 அடி அறையில் கம்மோட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் 2 இன்ச் என்பது பெரிய விஷயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எஸ்-டிராப் கம்மோடுகள் 4, 9, 12 இன்ச் என்று குறிப்பிட்ட தூரங்களுக்கே வருகின்றன. இப்போது சரியாக 9 இன்ச் இருக்கும் இடத்தில் பின்சுவருக்கு டைல் மேல் டைல் ஒட்டினால் எட்டரை ஆகிவிடும், 9 இன்ச் மாடல் உட்காராது. பிளம்பர் அங்கே சுவரைக் கொத்துவார், அல்லது வளைந்த கனெக்டர் ஒன்றைப் போட்டுச் சமாளிப்பார். அடிக்கடி அடைப்பு வருவதும், அடியில் கசிவதும் அந்த கனெக்டரில்தான். எல்லாவற்றையும் விட, 25 வருடம் ஆன தரையில் நீர்த்தடுப்புப் பூச்சு மீதி இருக்காது. டைலை மட்டும் மாற்றிவிட்டு அதை அப்படியே விட்டால் இரண்டு மழைக்காலத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

மிக மலிவான இட மிச்சம் கதவில் இருக்கிறது. இரண்டரை அடிக் கதவு உள்ளே திறந்தால் அது சுழலும் இடத்தில் ஒன்றுமே வைக்க முடியாது. நிலையைத் திருப்பிப் பொருத்தி வெளியே திறக்கும்படி செய்யுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதற்கு இன்னொரு அவசியமும் உண்டு: உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்ளே திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துக்கொள்ளும். வெளியே திறக்கும் கதவில் தண்ணீர் வழிந்து படுக்கையறைத் தரையில் சொட்டும் என்பார்கள். வாசலில் அரை இன்ச் உயரத்துக்கு கிரானைட் பட்டை, அதற்கு உள்பக்கம் கால் இன்ச்சாவது தரை இறக்கம், கதவின் அடியில் உள்பக்கமாக ஒரு அலுமினியப் பட்டை, இவை இருந்தால் சொட்டாது. ஸ்லைடிங் கதவு பார்க்க அழகு. ஆனால் பக்கத்தில் இரண்டரை அடிச் சுவர் காலியாக வேண்டும், ஓரத்தில் இடுக்கு இருப்பதால் நாற்றமும் சத்தமும் வெளியே வரும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் போடுங்கள். கதவு, நிலை இரண்டும் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) அல்லது எஃப்ஆர்பியாக (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) இருக்கட்டும். மரநிலை என்றால் அடி 6 இன்ச் முதலில் இற்றுப்போகும்.

இனி வரிசை. 7 அடி நீளத்தைக் கடைசியிலிருந்து இப்படிப் பிரியுங்கள்: குளிக்கும் இடம் 3 அடி, கம்மோடு இரண்டரை அடி, வாஷ்பேசின் ஒன்றரை அடி. கம்மோட்டின் மையத்திலிருந்து இரு பக்கமும் 15 இன்ச் இருந்தால்தான் முழங்கை இடிக்காமல் உட்கார முடியும். இரண்டரை அடி என்பது அந்தக் கணக்கு. இரண்டரை அடிக் கதவு போக 4 அடிச் சுவரில் ஒன்றரை அடி மிஞ்சும் அல்லவா, அந்தத் துண்டுச் சுவரின் மறைவில் வாஷ்பேசின் உட்கார்ந்துவிடும். 16-க்கு 12 இன்ச் பேசின் போதும். உள்ளே நுழைபவர் வழியில் அது வராது.

கம்மோட்டைக் கடைசிச் சுவருக்கு, ஜன்னலுக்கு அடியில் கொண்டுபோகும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். அப்படிச் செய்தால் குளிக்கும் இடம் நடுவே வந்துவிடும், கம்மோட்டுக்குப் போகிறவர் எப்போதும் ஈரத்தில் நடக்க வேண்டும். கழிவுத் துளையை நகர்த்துவதும் எளிதல்ல. 110 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1 வாட்டம், அதாவது சாய்வு, வேண்டும், 3 அடி தள்ளினால் ஏறக்குறைய 1 இன்ச் கூடுதல் இறக்கம். சங்கன் ஸ்லாபாக இருந்தால் அந்தப் பள்ளத்துக்குள் கொண்டுபோகலாம். குழாய் கீழ்வீட்டுக் கூரையில் தொங்கினால், அவர்கள் பாத்ரூமுக்குள் போய்த் தளத்தில் ஓட்டை போட வேண்டியிருக்கும். துளை இருக்கும் இடத்திலேயே கம்மோட்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைப்பதுதான் சரி.

சுவரில் தொங்கும் கம்மோடு இடத்தை மிச்சப்படுத்தும் என்று கடைகளில் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். தரையில் உட்காரும், டேங்கும் சேர்ந்தே வரும் ஒன்-பீஸ் கம்மோடு சுவரிலிருந்து 26 முதல் 28 இன்ச் நீளும். தொங்கும் கம்மோட்டில் குட்டை மாடல் 19 முதல் 21 இன்ச்தான்; ஆனால் அதன் டேங்கை மறைக்க முன்னால் 6, 7 இன்ச் கனத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும். இரண்டையும் கூட்டினால் பழையபடி 25 முதல் 28 இன்ச். நடக்கும் இடத்தில் லாபம் அதிகமில்லை. லாபம் வேறு இரண்டு இடத்தில் வருகிறது: அடியில் தரை காலியாக இருப்பதால் மாப் நேராக உள்ளே போகும், தடுப்புச் சுவரின் தலை இரண்டரை அடி நீளம், 6 இன்ச் அகலத்தில் ஒரு தட்டாகக் கிடைக்கும். இந்த இரண்டும் வேண்டும் என்றால் போடுங்கள். நாலரை இன்ச் சுவரைக் கொத்தி டேங்கை உள்ளே புதைக்க யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்தச் சுவரில் மிச்சம் ஒன்றும் இருக்காது. மழை அடிக்கும் வெளிச்சுவரும் அதற்கு ஏற்றதல்ல. கம்மோட்டைத் தாங்கும் இரும்பு ஃபிரேமைத் தளத்திலும் சுவரிலும் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். கம்மோட்டின் விளிம்பு, முடிந்த தரையிலிருந்து 16 இன்ச் அளவில் வரட்டும். ஃபிரேம் பொருத்தும்போது தரை இன்னும் முடிந்திருக்காது, முடிந்த தரை மட்டத்தைச் சுவரில் கோடாகப் போட்டுக்கொள்ளாமல் பொருத்தினால் கடைசியில் 2 இன்ச் மேலேயோ கீழேயோ நிற்கும். டேங்கின் உள்பாகங்களைக் கழற்ற ஒரே வழி ஃப்ளஷ் பட்டன் தட்டுதான், அதன் மேல் அலமாரி எதையும் கொண்டுவராதீர்கள்.

கழிவு எஸ்-டிராப்பாக இருந்தால் தொங்கும் கம்மோட்டுக்குக் குழாயை மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவுக்குத் தரையில் உட்காரும் நல்ல கம்மோடே போதும். அப்போது டேங்குக்கு மேலே 8, 10 இன்ச் விட்டு 6 இன்ச் அகலத் தட்டு ஒன்று வையுங்கள். மூடியைத் தூக்க அந்த இடைவெளி அவசியம்.

வாஷ்பேசினுக்கு அடியில் தரை வரை நிற்கும் பெடஸ்டல் தூண் வேண்டாம். கழிவுக் குழாய் தரைக்கு இறங்காமல் பாட்டில் டிராப் (பேசினுக்கு அடியில் நாற்றத்தைத் தடுக்கும் சிறு குப்பி) வழியாக நேரே சுவருக்குள் போகட்டும். முடிந்த தரையிலிருந்து 20 இன்ச் உயரத்தில் 32 மி.மீ. துளை, இதை டைல் ஒட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். பேசின் விளிம்பு 32 இன்ச்சில் இருந்தால் அடியில் ஒரு பக்கெட்டும் அதற்குள் ஒரு மக்கும் தாராளமாக நிற்கும். பேசினுக்கு அடியில் அலமாரி போடுவதை விட, பக்கெட்டுக்கு அந்த இடத்தைக் கொடுப்பது நல்லது. பக்கெட்டுக்கு ஒதுக்கிய இடம் இல்லாவிட்டால் அது குளிக்கும் இடத்தின் நடுவிலேயே இருக்கும்.

இப்போது சாமான்களுக்கு வருவோம். குளிக்கும் இடத்தில் சுவர் மாடம் மிக உபயோகமானது, ஏனென்றால் அது அறையிலிருந்து ஒரு இன்ச்சையும் எடுத்துக்கொள்வதில்லை. 9 இன்ச் செங்கல் சுவரில் மட்டும் செய்ய வேண்டும். நாலரை இன்ச் சுவரிலும், கான்கிரீட் தூணிலும், முழுக்கக் கான்கிரீட்டிலேயே வார்த்த புது அடுக்குமாடிச் சுவர்களிலும் கொத்தவே கூடாது. முடிந்த மாடம் 12-க்கு 12 இன்ச் வேண்டுமென்றால் செங்கலில் 14-க்கு 14 எடுக்க வேண்டும், நான்கு பக்கமும் பூச்சும் டைலும் 1 இன்ச் தின்றுவிடும். ஆழம் மட்டும் குறையாது. பின்பக்கத்தில் ஏறும் கனமும் வெளிமுகத்தில் ஏறும் கனமும் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். அரைச் செங்கல் எடுத்தால் நாலரை இன்ச் ஆழம் அப்படியே கிடைக்கும், 1 லிட்டர் பாட்டில் நிற்கும். அகலம் 2 அடியைத் தாண்டினால் மேலே ஒரு கிரானைட் துண்டை இரு பக்கமும் 4 இன்ச் உள்ளே போகும்படி தாங்கலாகக் கொடுங்கள்.

மாடத்தின் அடித்தட்டுக்கு ஒற்றைக் கிரானைட் துண்டு போடுங்கள், வெளிப்பக்கம் 3 மி.மீ. சாய்வு இருக்கட்டும். மட்டப்பலகை வைத்துச் சரியாகச் சமமாகப் போட்டால் சோப்புத் தண்ணீர் தேங்கி மூலையில் கறுப்பு படியும். உள்பக்கம் சாய்ந்துவிட்டால் தண்ணீர் சுவருக்குள் போகும். ஐந்து முகங்களிலும் நீர்த்தடுப்புப் பூச்சு ஏற வேண்டும், மூலைகளில் வலைத்துணி வைத்து. வெளிச்சுவரில் எடுத்த மாடத்துக்குப் பின்னால் நாலரை இன்ச்தான் மீதி என்பதால் இதில் சிக்கனம் கூடாது. மாடத்தின் ஓரம் டைல் ஜாயின்ட்டோடு பொருந்தி வரும்படி கொத்தனாரிடம் முதலிலேயே டைல் வரிசையைச் சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் 1 இன்ச் கீற்று டைல் வரும், அதுதான் முதலில் உடையும்.

9 இன்ச் சுவர் கிடைக்கவில்லையென்றால் மூலைத் தட்டுகள். 9 இன்ச் கால்வட்டக் கிரானைட், 18 மி.மீ. கனம், டைல் ஒட்டும்போதே இரு சுவரிலும் அரை இன்ச் உள்ளே போகும்படி பதிக்க வேண்டும். ஒன்று 4 அடி உயரத்தில், நின்று குளிப்பவர்களுக்கு. இன்னொன்று 2 அடியில், ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும். இந்த இரண்டாவதை யாரும் வைப்பதில்லை. அதனால்தான் சோப்பும் ஷாம்பும் தரைக்கே வந்துவிடுகின்றன.

பேசினுக்கு மேலே கண்ணாடிக்குப் பதில் கண்ணாடி வைத்த அலமாரி மாட்டுங்கள். 4, 5 இன்ச் ஆழம் போதும். மருந்து, பிரஷ், சவரச் சாமான் எல்லாம் உள்ளே போய்விடும். கதவின் உள்பக்கம் மேலே துண்டுக் கொக்கிகள். மாப், பிரஷ் இரண்டும் கம்மோட்டுக்கும் பேசினுக்கும் நடுவே சுவர் கிளிப்பில் தொங்கட்டும், தரையைத் தொடாமல்.

பெரிய சாமான்களுக்கு இடம் தலைக்கு மேலே இருக்கிறது. கூரை 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பாத்ரூமுக்கு விதிப்படி 2.1 மீட்டர், அதாவது 7 அடி உயரம் போதும். கதவிலிருந்து முதல் 4 அடி நீளத்துக்கு, பேசினும் கம்மோடும் இருக்கும் உலர்ந்த பாதிக்கு மேல், ஏழேகால் அடி உயரத்தில் ஒரு பரண் அமைக்கலாம். அதன் கதவைப் படுக்கையறைப் பக்கம் வைத்தால் சூட்கேஸ், போர்வை, விருந்தாளி மெத்தை எல்லாம் ஈரம் படாமல் அங்கே போகும். பாத்ரூம் பக்கம் வெறும் சமமான கூரைதான் தெரியும். முன்பே அளந்து வைத்த நான்காவது அளவு இங்கேதான் வேண்டும்: லிண்டலுக்கு மேலிருந்து பீமின் அடி வரை ஒன்று முதல் ஒன்றரை அடி செங்கல் சுவர் இருந்தால் அந்தத் திறப்பு கிடைக்கும். பீமையோ லிண்டலையோ தொடக்கூடாது. தூண்-பீம் அமைப்பில் கட்டிய வீடாக இல்லாமல், சுவரே மேல்தளத்தைத் தாங்கும் கட்டடமாக இருந்தால் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் சுவரில் கை வைக்காதீர்கள். பரணுக்குக் கல்வனைஸ்டு சதுரக் குழாய்ச் சட்டமும் மேலே சிமென்ட் ஃபைபர் போர்டும் போதும். சட்டம் இரு நீளச் சுவர்களிலும் ஏறி உட்கார வேண்டும். குளிக்கும் பக்கம் முழு உயரமும் திறந்தே இருக்கட்டும், நீராவி மேலே போய் ஜன்னல் வழியாக வெளியேற.

மூடிய அலமாரி எங்கே செய்தாலும் மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டும் வேண்டவே வேண்டாம். லேமினேட்டின் ஓரத்தில் ஈரம் ஏறினால் பிரெட் போல உப்பிவிடும். 18 மி.மீ. டபிள்யூபிசி, அல்லது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட். கீல்கள் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ். டபிள்யூபிசியில் ஸ்க்ரூ நீளமாகப் போட வேண்டும், கட்டையானவை நாளடைவில் இளகிவிடும். அலமாரியின் அடி தரையிலிருந்து 10 இன்ச்சாவது மேலே நிற்கட்டும்.

ஒரு 6 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் இவ்வளவு அலமாரியும் பூஞ்சணம் பிடிக்கும். ஜன்னலின் மேல்பாதியில் அதைப் பொருத்தி, கதவின் அடியில் அரை இன்ச் இடைவெளி விட்டால் காற்று ஓடும்.

கீசரைப் பரண் இல்லாத குளிக்கும் பக்கத்தில், 7 அடிக்கு மேல் மூலையில் மாட்டுங்கள். படுக்கைவாட்டில் மாட்ட வேண்டுமானால் அதற்கென்று செய்த மாடலையே வாங்க வேண்டும், அதிலும் இடப்பக்கம், வலப்பக்கம் என்று தனித்தனியாக உண்டு. செங்குத்து மாடலைப் படுக்க வைத்து மாட்டினால் சூடாக்கும் எலிமெண்ட் தண்ணீருக்கு மேலே நின்று கருகிவிடும். தண்ணீரோடு 15 லிட்டர் கீசர் 25 கிலோ வரை போகலாம், நாலரை இன்ச் சுவரானால் மறுபக்கம் வரை போல்ட் போட்டுத் தகடு வைத்துப் பிடிக்க வேண்டும். 2 கிலோவாட் கீசருக்கு 2.5 சதுர மி.மீ. கம்பி, 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசருக்கு 4. ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே. வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இந்த வேலையோடு போட்டுவிடுங்கள். எர்த்திங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீர்த்தடுப்பில்தான் மற்ற எல்லாமே நிற்கிறது. சங்கன் ஸ்லாபாக இருந்தால் பழைய நிரப்பை முழுவதும் வெளியே எடுங்கள். உடைத்த டைலையே திரும்ப உள்ளே போட்டு நிரப்பும் வழக்கம் இருக்கிறது. அந்தக் குப்பைக்குள் தண்ணீர் மாதக்கணக்கில் நின்று கீழே கசியும். பள்ளத்தைச் சுத்தம் செய்து, சுவரும் தளமும் சேரும் மூலைகளில் கலவையால் வாட்டா அடித்து (மூலையை வளைவாக நிரப்பி), குழாய் தளத்தைத் துளைக்கும் இடங்களில் சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்பும் கலவை) ஊற்றி, அதன் பிறகு இரண்டு பொருள் கலந்து பூசும் பாலிமர்-சிமென்ட் கோட்டிங். முதல் கோட் நீளவாக்கில், காய்ந்த பின் இரண்டாவது குறுக்குவாக்கில். மூலைகளில் ஃபைபர் வலை. தரையிலிருந்து 1 அடி வரை நான்கு சுவரிலும், குளிக்கும் இடத்தில் 6 அடி வரையிலும் ஏற வேண்டும். மூன்று நாள் காய்ந்ததும் துளைகளை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள். கீழ்வீட்டுக் கூரையை அவர்களோடு சேர்ந்து பாருங்கள். கொத்தனார் அவசரப்படுவார், இந்த ஐந்தாறு நாள்களை விட்டுக்கொடுக்காதீர்கள். நிரப்பிய பிறகு மேலே இன்னொரு முறை பூச வேண்டும்.

குழாய்களும் இதே கட்டத்தில். சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய், கழிவுக்கு அதற்கென்றே வரும் எஸ்.டபிள்யூ.ஆர். குழாய். டைலுக்கு முன் அழுத்தச் சோதனை செய்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நாலரை இன்ச் சுவரில் படுக்கைவாட்டாக நீளக் காடி வெட்ட விடாதீர்கள், மேலிருந்து கீழாக மட்டும்.

தரை வாட்டம் 80-க்கு 1. 7 அடிக்கு ஒரு இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட வரும். தண்ணீர் வடியும் டிராப் குளிக்கும் இடத்தின் கடைசி மூலையில். அதற்குள் எப்போதும் 50 மி.மீ. தண்ணீர் தேங்கி நிற்கும்படி (வாட்டர் சீல்) இருக்கட்டும், கரப்பானும் நாற்றமும் மேலே வராமல் தடுப்பது அதுதான். கம்மோடு பக்கத்துக்கும் குளிக்கும் பக்கத்துக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு போடலாமா? சென்னை போர்வெல் தண்ணீர் படும் கண்ணாடியில் சில வாரங்களிலேயே வெள்ளைக் கறை படியும். பக்கெட்டில் மொண்டு குளிக்கும் வீட்டுக்கு அதனால் பயன் குறைவு. குளிக்கும் 3 அடியின் தரையை மட்டும் அரை இன்ச் இறக்கி, இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு கிரானைட் பட்டை கொடுத்தால் உலர்ந்த பக்கம் உலர்ந்தே இருக்கும். தடுக்கி விழும் வயதினர் வீட்டில் இருந்தால் இறக்கமும் பட்டையும் வேண்டாம், வாட்டத்தை மட்டும் நம்புங்கள்.

தரைக்கு 12-க்கு 12 இன்ச் மேட் டைல், வழுக்குத் தடுப்பு ஆர்10 அல்லது ஆர்11. பெரிய டைலில் வாட்டம் கொடுக்க முடியாது, குறுக்கே வெட்டி ஒட்ட வேண்டிவரும். வெட்டுச் சேதம் சேர்த்து 32 சதுர அடி வாங்குங்கள். சுவர் சுற்றளவு 22 அடி, உயரம் 7 அடி, கதவும் ஜன்னலும் கழித்தால் 133 சதுர அடி; சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 150 வாங்கினால் மாடத்துக்கும் சரியாக வரும். ஒரே பேட்ச் எண்ணில் வாங்கி, நாலு டைலைப் பரணில் போட்டு வையுங்கள். ஜாயின்ட் 2 மி.மீ. விட்டு எபாக்சி கிரவுட். டைல் மேல் படிந்ததை அன்றைக்கே துடைக்காவிட்டால் பிறகு போகாது.

டைல் ஒட்டுவதற்கு முந்தைய நாள், டேப்பைச் சுவரில் நீட்டிப் பிடித்து, நான்கு சுவர்களிலும் குழாய், வயர் போகும் பாதையைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடி அலமாரிக்கோ துண்டுக் கம்பிக்கோ டிரில் போடும்போது அந்தப் படத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். டைலின் மூலையில் துளை போடாதீர்கள், விரிசல் விடும். துளைக்குள் சிலிகான் விட்டுப் பிளக்கைச் செருகுங்கள். தரையிலும், சுவரின் அடி 1 அடியிலும் எந்த வேலைக்கும் டிரில் வைக்கக் கூடாது. கம்மோட்டைத் தரையில் போல்ட் போட்டே பிடிக்க வேண்டியிருந்தால் துளை கோட்டிங் வரை இறங்காத ஆழமா என்று பார்த்து, சிலிகான் நிரப்பிய பிறகே போல்ட்டை இறக்கச் சொல்லுங்கள்.